கயிறு எட்டாத இடம்

என் மாமனாரை அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருவர் வாசலில் வந்து நின்று, "பல்லி இருக்காரா?" என்று கேட்டபோது நான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். உள்ளேயிருந்து மாமா, "வாப்பா, வா" என்று குரல் கொடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பது அவர் தொழில். மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறு இறங்கும். ஒன்று ஆளைத் தாங்குவதற்கு, மற்றது அந்த முதல் கயிறு கைவிட்டால் தாங்குவதற்கு. இடுப்பில் அகலமான பெல்ட்டும் அதில் இரண்டு இரும்புக் கொக்கியும் இருக்கும். சோப்புத் தண்ணீர் வாளி பக்கத்தில் தொங்க, காலால் சுவரை உந்தி உந்தி மாடி மாடியாக இறங்குவார். தலைமுடி நரைக்கும்வரை அதைச் செய்தார். "எந்த ஆபீசா இருந்தாலும் சரி மா, கொட்டாவி மட்டும் ஒரே மாதிரிதான் விடுறாங்க" என்பார். கீழே பார்த்தால் தலை சுற்றாதா என்று கேட்டால், "கீழ எதுக்குப் பார்க்கணும்? அழுக்கு எதிர்லதானே இருக்கு" என்பார்.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு கொக்கியைக் கழற்றும்போது இன்னொன்று எதிலாவது மாட்டியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் விடுபட்டிருக்கக் கூடாது, கண் இமைக்கும் நேரம்கூட. இது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. கல்யாணத்தன்று அத்தையின் கையை விடுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாராம். அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாமா மறுத்ததே இல்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. நல்லவேளை, அத்தை சட்டென்று புரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதால் உயிரும் பேச்சும் தப்பின. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். தினமும் நடந்தால் கால் திரும்பி வரும், நடக்காவிட்டால் வராது, அவ்வளவுதான் என்றார். மாமாவும் நடக்கத்தான் ஆரம்பித்தார்.

பிறகு குளியலறையில் விழுந்தார். வாளிக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்ததால் எங்களால் கதவைத் தள்ளித் திறக்கவும் முடியவில்லை. ஒரு கை நுழையும் சந்து வழியாக அத்தை அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எலும்பு முறிவு எதுவும் இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "தரை இல்லாமப் போயிடுச்சு மா" என்றார். "திடீர்னு தரையே இல்ல."

அன்றைக்கு அவருக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே போகவில்லை. அத்தனை வருடம் ஆகாயத்தில் தொங்கியவருக்குச் சமதரையைக் கண்டால் நடுக்கம். கட்டிலிலிருந்து காலை இறக்குவதற்குள் வியர்த்துவிடுவார்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். அவர் வந்திருந்த சமயம் பார்த்து மாமா பரணிலிருந்து பழைய பெல்ட்டையும் கயிற்றையும் இறக்கச் சொன்னார். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பிடிவாதம். சுவரெல்லாம் துளை போட்டு, வளையம் அடித்து, நெஞ்சு உயரத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்று. கட்டிலிலிருந்து கூடத்துச் சுவரை ஒட்டி அடுக்களை வாசல்வரை இன்னொன்று. போன வருடம்தான் வெள்ளையடித்த சுவர் அது. நான் வாயைத் திறந்தால் பெரிய சண்டையாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமா கொக்கி மாட்டாமல் ஓர் அடி வைத்ததில்லை. வளையம் வரும் இடத்தில் அதற்கு அப்பால் இரண்டாவது கொக்கியை மாட்டுவார், பிறகு முதலாவதைக் கழற்றுவார். டக், டக் என்று சத்தம் வரும். அடுக்களையில் நின்றபடியே அவர் எங்கே வருகிறார் என்று சொல்லிவிடலாம். நாங்கள் குனிந்து குனிந்து போய்வந்தோம். அத்தை அதில் துண்டு காயப்போட்டு மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கோ அந்தச் சத்தம் நின்றால் பயம். டக் கேட்டு, அடுத்த டக் வரத் தாமதமானால் என் கை அப்படியே நின்றுவிடும். நான் ஸ்கூல் பை தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவள். அங்கேயும் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் தைப்பேன்.

அத்தை நேர் எதிர். பல வருடமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் வலி. இருந்தாலும் காலையில் நான் கழித்துப்போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வராமல் பல்லில் தண்ணீர் படாது. போகும் வழியில் காய்க்காரரிடம் ஒரு சண்டை, திரும்பும்போது ஒரு சமாதானம். "எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கறதே அந்தாளாலதான்" என்பார்.

மாமாவுக்கு நடைப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஓர் அம்மா வருவார். பயிற்சி அம்மா என்போம். குள்ளமான உருவம், தோளில் கனத்த பை, முகத்துக்கு நேரே பேசும் குணம். கயிறுகளை முதல்முறை பார்த்தபோது சிரிக்கவில்லை. மாமா நடந்து காட்டியதை முழுக்கப் பார்த்தார்.

"ஆரம்பத்துல தைரியத்துக்கு இருக்கட்டும் ஐயா. ஆனா நீங்க நடக்கல, தொங்கிக்கிட்டு வர்றீங்க. பாரத்தையெல்லாம் கயிறுதான் சுமக்குது. காலுக்கு வேலையே இல்லையே, அது எப்படித் தேறும்?"

"கயிறு இல்லன்னா விழுந்துடுவேன் மா."

"விழலாம். அதனாலதான் விழுந்தா எப்படி எழுந்திருக்கறதுன்னு இன்னைக்குச் சொல்லித் தரப் போறேன்." பையிலிருந்து ஒரு பாயை எடுத்து விரித்தார். "கீழ படுக்கணும். அப்புறம் தானா எழுந்திருக்கணும்."

மாமா அந்தப் பாயைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க வேலையில விழுந்தவன் எழுந்திருக்கறதில்ல மா" என்றார்.

அவரோடு வேலை பார்த்தவர்களில் விழுந்தவர்கள் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. அவர் கணக்கில் விழுவது என்றால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. அதைப் பழகச் சொன்னால் எப்படிப் பழகுவார்?

பயிற்சி அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமா கொக்கியைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றார். விரித்த பாய் வீணாகப் போகக் கூடாது என்று அத்தைதான், "எனக்குச் சொல்லிக் கொடுங்க, நான் படுக்கிறேன்" என்று இறங்கினார். ஒருக்களித்து, கையை ஊன்றி, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை. எனக்கும் முதுகுவலிக்குச் சில பயிற்சி சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா. நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அது நடந்த நாள் மதியம் வழக்கம்போல வீட்டுக்குப் போன் போட்டேன். வீட்டில் இருப்பது அத்தையின் போன் ஒன்றுதான். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும். தைத்துக்கொண்டிருந்த பையை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அத்தைக்குப் பட்டப்பகலிலும் மேல்தாழ் போடும் வழக்கம் உண்டு, திருட்டு பயம். என்னிடம் இருந்த சாவி பூட்டுக்குத்தான் உதவும், தாழுக்கு உதவாது. தட்டினேன், கத்தினேன். பிறகு வராந்தாப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடிக் கம்பி வழியாகப் பார்த்தேன்.

அங்கிருந்து பார்த்தால் கூடம், அடுக்களை, அதற்குப் பின்னால் துணி துவைக்கும் இடம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். அடுக்களை வாசலில் மாமா எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். கயிறு அங்கே முடிகிறது. விறைப்பாக இழுத்துக்கொண்டு, அது விட்ட தூரத்துக்கு முன்னால் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்கு அப்பால், துவைக்கும் இடத்து ஈரத் தரையில் அத்தையின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"மாமா!"

அவர் மெதுவாகத் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "அவ விழுந்துட்டா மா."

"கதவத் திறங்க மாமா! கொக்கியக் கழட்டிட்டு வாங்க!"

"வரல மா. கை வரல."

கொக்கி சிக்கியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எத்தனை ஆயிரம் தடவை கழற்றிய கொக்கி அது. அவர் கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. அவருடைய இன்னொரு கை, இரண்டாவது கொக்கியைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையைத் தடவிக்கொண்டே இருந்தது. மாட்டுவதற்கு ஏதாவது இருக்குமா என்று தேடியது. ஒன்றும் இல்லை. கயிறு கதவுவரை வராது, அவர் வெளியே போவதே இல்லையே. துவைக்கும் இடத்துக்கும் வராது, அங்கே அவருக்கு என்ன வேலை? எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது.

ஆம்புலன்சுக்குச் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். வந்தாலும் இந்தக் கதவை என்ன செய்வார்கள்? மாடிவீட்டுப் பெண் சத்தம் கேட்டு இறங்கி வந்து பார்த்துவிட்டு, கதவை உடைக்க ஆள் தேடி ஓடினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க..." உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "குளிருதுங்க."

"வரேன். இதோ வரேன்" என்றார் மாமா. வரவில்லை.

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பல்லி என்று பேர் மட்டும் போதுமா என்றேன். உங்கள் பெண்டாட்டி அங்கே செத்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மருமகள் சொல்லக் கூடாத வார்த்தைகள்தான். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. பயத்தில் எனக்கு வேறு பாஷை வராது.

"அத்தை!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "அத்தை!"

மாமாவும் கூப்பிட்டார். பதில் இல்லை.

அப்போதுதான் டக் என்று கேட்டது. இரண்டாவது டக் வரவில்லை. கயிறு சுவரில் அடித்துக்கொண்டு ஆடியது.

கழற்றிய கொக்கியோடு அவர் முன்னால் போனார். கதவுப் பக்கம் வரவில்லை, அத்தையிடம் போனார். இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. அடுப்பு மேடையைத் தொட்டார், விட்டார். ஈரத் தரையில் கால் வைத்ததும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரோடு சரிந்து தொம்மென்று உட்கார்ந்தார். நான் கத்திய கத்தலில் என் தொண்டை கிழிந்தது.

"இருக்கேன் மா" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது. "உட்கார்ந்துட்டேன்."

"அத்தை?"

"மூச்சு இருக்கு. கண்ணத் திறக்கறா."

"மாமா, எழுந்திருச்சு வந்து கதவத் திறங்க. ஆம்புலன்ஸ் வரப் போகுது."

மாமா கேட்டார்: "எப்படி மா எழுந்திருக்கறது?"

சிறு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார். அன்று பாயில் பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். சிரித்ததுதான் ஞாபகம் வந்தது, செய்தது வரவில்லை. "கைய ஊனுங்க மாமா. கால நீட்டி, ஒரு உந்து உந்தி..."

"அது இல்லங்க" என்று தரையிலிருந்து அத்தை முனகினார். "மொதல்ல... ஒருக்களிச்சு. முட்டி போடுங்க."

மாமா ஒருக்களித்தார். கையை ஊன்றினார். முட்டி போட்டார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வலியா பயமா தெரியவில்லை. இரண்டு கையும் இரண்டு முட்டியும் தரையில் ஊன்றியபடி அடுக்களையைக் கடந்து தவழ்ந்து வந்தார். பெல்ட்டின் கொக்கிகள் இரண்டும் தரையில் இழுபட்டு வந்தன. கூடத்தின் நடுவில் தவழ்வதை நிறுத்தி மூச்சு வாங்கினார். அத்தை உள்ளேயிருந்து, "நாற்காலி" என்றார். நாற்காலியைப் பிடித்தார். "நல்ல கால முன்னால" என்றார் அத்தை. நல்ல காலை முன்னால் வைத்தார். எழ முயன்றார், விழுந்தார். மறுபடி முயன்றார். நாற்காலி வழுக்கியது. கதவோரச் சுவரில் முட்டும்வரை அதைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்துப் பிடித்து எழுந்து நின்றார்.

மேல்தாழை இழுத்தார். கதவு திறந்தது. நான் அவரைத் தாண்டி உள்ளே ஓடினேன், அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து இரும்பு வைத்தார்கள். மறுநாளே ஆஸ்பத்திரியில் பிடித்து நிற்க வைத்தார்கள். அங்கே அவர்கள் அதட்டலுக்கு நின்றவர், வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்தவர்தான். எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"எழுந்தா விழுந்துடுவேன். என்னால முடியாது. என்ன விட்டுடுங்க."

பயிற்சி அம்மா வந்து கெஞ்சினார், மிரட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே படுத்திருந்தா நெஞ்சுல சளி கட்டிடும், முதுகு புண்ணாகும். சர்க்கரை இருக்கற உடம்பு. இடுப்பு எலும்பு ஒட்டியும் பிரயோஜனம் இல்லாமப் போயிடும்" என்றார். சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. தினமும் அத்தையின் காலைத் துடைக்கும்போது அது இளைத்துக்கொண்டே போவது என் கைக்குத் தெரிந்தது. சண்டை போட்ட வாய் கஞ்சிக்குக்கூடத் திறக்கவில்லை. இருமல் சத்தம் கேட்டால் சளி கட்டிவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். காய்க்காரர் வழியில் நிறுத்தி, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டபோது வெண்டைக்காய் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு நாள் அத்தை சொன்னார்: "அம்மாடி, அந்தக் கயித்த என் கட்டில் வரைக்கும் இழுத்துக் கட்டச் சொல்லு. அது இருந்தா வேணா பார்க்கறேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். கட்டுவார் என்றுதான் நினைத்தேன். அத்தை கேட்டு அவர் மறுத்தது கிடையாது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அத்தையின் அறையில் ஏதோ சத்தம் கேட்டு ஓடினேன். மாமா தரையில் கிடந்தார். நான் அலறிவிட்டேன்.

"சும்மா இரு மா" என்றார். "நானாத்தான் படுத்தேன்."

பெல்ட் இல்லை. நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கட்டிலைப் பார்த்து, "பாரு, விழுந்துட்டேன். இப்ப எழுந்திருக்கிறேன்" என்றார். ஒருக்களித்து, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தார். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கடுத்த நாளும் படுத்தார். அப்புறம் தினமும். குளியலறைக்குப் போகும்போது இன்றைக்கும் கொக்கி மாட்டித்தான் போகிறார், அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் காலையில் அத்தையின் கட்டிலடியில் பெல்ட் இல்லாமல் வந்து படுப்பார். சில நாள் ஒரே முயற்சியில் எழுந்துவிடுவார். சில நாள் முட்டி மடங்கிப் பாதியில் விழுவார். நான் வேலைக்குக் கிளம்பி, வாசல்படியில் நின்று, அவர் எழுந்துவிட்ட பிறகுதான் மூச்சு விடுவேன். எத்தனையோ தடவை வேண்டாம் மாமா என்று சொல்லியிருக்கிறேன். இருவரையும் ஒரே சமயத்தில் இழந்துவிடுவேன் என்று பயம் எனக்கு.

ஒரு காலையில் அவரால் எழ முடியவில்லை. இடது காலில் நரம்பு சுண்டி இழுத்துவிட்டது. இரண்டு முறை முயன்று, முடியாமல், மல்லாந்து படுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"என்னங்க?" என்றார் அத்தை. வெகுநாளைக்குப் பிறகு அவர் முகம் கட்டில் விளிம்புக்கு வந்தது. "என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் படுத்துட்டு எழுந்திருக்கிறேன்."

"எழுந்திருங்க."

"முடியல."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்தார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். நடப்பதற்காக ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பி, பக்கத்தில் இத்தனை நாளாகத் தூசி படிந்து நின்ற வாக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய கால் கீழே தொங்கி, நடுங்கியபடி தரையைத் தேடியது. தரை இருந்த இடத்தில் மாமா இருந்தார்.

"தள்ளிப் படுங்க" என்றார் அத்தை, அழுகையும் எரிச்சலுமாக. "எனக்குக் கால் வைக்க இடமில்ல."

மாமா படுத்தபடியே சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.